பேச்சியின் ஒன்பது பாட்டு

"நாடா பத்திரமா இருக்காக்கா?"

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி. பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். காலை ஆறரை மணி இருக்கும். பேச்சி குளித்துவிட்டு, ஆஸ்பத்திரியில் கொடுத்த பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டு, காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் அவள் முடியை இரண்டாக வகிர்ந்து, இறுக்கிப் பின்னி, நுனியில் கட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தார். தோடும் மூக்குத்தியும் அவள் அம்மாவின் முந்தானை முடிச்சுக்குப் போய்விட்டன. கழுத்தில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கழலை. அதை எடுக்கத்தான் எட்டு மணிக்கு உள்ளே கூட்டிப்போவதாக இருந்தது.

அறுவைக்குப் பிறகு இதே குரல் இருக்குமா என்று டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் முன்கூட்டியே ஒன்பது பாட்டைப் பாட வைத்து நாடாவில் பதிவு செய்திருந்தோம். அந்த நாடாவைப் பத்திரப்படுத்தியது நான். பேச்சி கேட்டது அதைப் பற்றித்தான்.

அந்த நாடா உருகிப் போயிருந்தது. எனக்கு முந்தின நாளே தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரியாது.

இந்தத் தொடரில் இதுவரை எங்கள் பாட்டுக் குழுவின் நல்ல நாட்களை மட்டும்தான் எழுதி வந்திருக்கிறேன். இந்த ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம் என்று இரண்டு வாரம் தட்டிக் கழித்தேன். விட்டால் மற்றது எல்லாமே பொய்யாகிவிடும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

நாலு பேர், ஒரு ஜீப்பு

இந்த வாரம்தான் படிக்கத் தொடங்குகிறவர்களுக்காக எங்களை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

சகாயம், கிதார். அவன் அப்பாவுக்குப் போடி பஸ் ஸ்டாண்டு பக்கம் பலசரக்குக் கடை. சர்ச்சில் பாடற்குழுவோடு வாசிக்கக் கற்றுக்கொண்டவன். பாட்டு எழுதியதும் அவன்தான்.

கருப்பையா அண்ணன், உறுமி. தினமும் விடியக்காலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறி, சாயங்காலம் இறங்குகிற ஜீப்பு டிரைவர்.

பேச்சி, பாட்டு. அந்த ஜீப்பில் காய் எடுக்கப் போகிறவர்களில் ஒருத்தி. எங்களில் வயதில் சின்னவள்.

நாலாவது நான், வசந்தா. அப்பா போடியில் மைக்செட் கடை வைத்திருந்தார். நான் மதுரையில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு, வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு, கடையில் ஆம்ப்ளிஃபயர்களுக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். மேடையில் எனக்கு இடம் கிடையாது. மேடைக்குக் கீழே வயர்களுக்கு நடுவில் ஒரு ஸ்டூல்.

பேச்சியைக் கண்டுபிடித்தது கருப்பையா அண்ணன். ஒரு நாள் கடைக்கு வந்து சகாயத்திடம், "மாப்ளே, என் ஜீப்புல ஒருத்தி பாடுறா. அவ பாடுனா போடிமெட்டுப் பதினேழு வளைவும் ஏழாத் தெரியுது. ஒன் கிதாரத் தூக்கிட்டு வா, பின்னாடி ஏறு" என்றார்.

சகாயம் மறுநாள் ஏறினான். பதினாலு பேர் நெருக்கியடித்த ஜீப்பில் கிதாரை வைக்க இடமில்லை. ஒரு பாட்டியம்மாவின் தூக்குச்சட்டி மேல் அதன் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு வாசித்தானாம். அன்று இறங்கும்போது அவனிடம் ஒரு பாட்டுக்கு முதல் இரண்டு அடி இருந்தது.

*ஏறும்போது ஜீப்புல எடமில்ல ஆத்தா*
*எறங்கும்போது ஒடம்புல உசுரில்ல ஆத்தா*

பேச்சி அதை வாங்கி, எஸ்டேட்டில் பெண்கள் பாடுகிற இழுவையில் போட்டுப் பாடினாள். சகாயம் கிதாரில் வேகமாகத் தட்டினான். உறுமி சேர்ந்ததும் அது கும்மியும் இல்லை, ஆர்க்கெஸ்ட்ராவும் இல்லை, வேறு ஏதோ ஒன்றாக ஆனது. குழுவுக்கு 'வளைவு' என்று பேர் வைத்தோம்.

சினிமாப் பாட்டு போடு

எங்களுக்கு மதராஸில் ஒருவரையும் தெரியாது. மதுரையில் ஒரே ஒரு சபாக்காரரைத் தெரியும். அவர் சகாயத்தின் நீளமான தலைமுடியைப் பார்த்துவிட்டு, அப்புறம் வரச் சொன்னார். ஆகவே தேவாரம், சின்னமனூர், கம்பம், மலைமேல் எஸ்டேட்டுகள் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனோம். கூப்பிடாத இடத்துக்கும் போனோம்.

எல்லா ஊரிலும் இரண்டாவது பாட்டுக்குள் ஒரு குரல் எழும்பும்.

தேவாரத்தில் அப்படி எழும்பியது ஒரு பெரிய மீசைக்காரரிடமிருந்து. "ஏத்தா, சினிமாப் பாட்டு ஒண்ணு போடுறது. ஒங்க சொந்தக் கதைய இங்க ஆரு கேட்டா?"

சகாயம் முகம் சிவந்து கிதாரைக் குனிந்து பார்த்தான். பேச்சி மைக்கைக் கிட்டே இழுத்தாள்.

"எங்க கதையில்ல மாமா, ஒங்க கததான். யான எங்க கரும்பவா திங்குது?"

கூட்டம் சிரித்தது. மீசைக்காரரும் சிரித்தார். அவள் யானைப் பாட்டைத் தொடங்கினாள். வாழையைத் தின்றுவிட்டு, வேலியையும் தின்றுவிட்டு, பட்டா எங்கே என்று கேட்கிற யானை. பாட்டு பாதியில் இருக்கும்போது அடிவாரத்துப் பக்கம் நிஜமாகவே யானை விரட்டுகிற வெடிச் சத்தம் கேட்டது. முன்வரிசை முழுக்க எழுந்து தோட்டத்துக்கு ஓடியது. மீசைக்காரர் மட்டும் ஓடுகிற ஓட்டத்தில் திரும்பி, "நிறுத்திராதத்தா! பாடு, நான் வந்துர்றேன்" என்றார்.

அந்த வருஷமே அந்த ஊர் எங்களை மறுபடி கூப்பிட்டது.

பேர் இப்படித்தான் பரவியது. காய் எடுக்கிற பெண்கள் ஒரு எஸ்டேட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பாட்டைக் கொண்டுபோனார்கள். கம்பம் பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டுகிற பெண் ஒருத்தி ஜீப்புப் பாட்டைத் தப்புத் தப்பாகப் பாடிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். எங்கே கற்றாய் என்று கேட்டதற்கு, "இது பழைய பாட்டுங்க" என்றாள். சகாயம் அதைக் கேட்டு இரண்டு நாள் ஒரு மாதிரியாக இருந்தான். சந்தோஷமா வருத்தமா என்று அவனுக்கே தெரியவில்லை.

எல்லா இடத்திலும் ஒரே கேள்வி வந்தது: கேசட் இல்லையா? தேனியில் கேசட் கடைக்காரர் ஒருவர், "பாட்டைப் பதிஞ்சு கொண்டாம்மா, நான் காப்பி போட்டுத் தர்றேன்" என்று சொல்லியிருந்தார். நான்தான் ஒத்திப்போட்டுக்கொண்டே வந்தேன். நல்ல மைக் வரட்டும், சத்தமில்லாத இடம் கிடைக்கட்டும் என்று. அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது.

மூச்சு

கழலை இரண்டு வருஷமாகவே இருந்தது. மலையில் வேலை செய்கிற பல பெண்களுக்கு உண்டு என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பேச்சி மேடையில் ஒரு சிவப்புத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொள்வாள். அது ஸ்டைல் என்று கூட்டம் நினைத்தது. சின்னமனூரில் இரண்டு பெண்கள் அதே மாதிரி சுற்றிக்கொண்டு வந்திருந்தார்கள்.

பிறகு ஒரு நாள் அவள் அம்மா என்னிடம், "படுக்க மாட்டேங்குறா வசந்தா. சாக்குல சாஞ்சுக்கிட்டே தூங்குறா" என்றார்.

மதுரைக்கு நான் கூட்டிப்போனேன். கழலை உள்பக்கமாக வளர்ந்து மூச்சுக்குழாயை அழுத்துகிறது என்றார் டாக்டர். எடுக்காவிட்டால் ஆபத்து. எடுத்தால், குரலுக்குப் போகிற நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறது. "முடிந்தவரை பார்த்துச் செய்வோம். உத்தரவாதம் கேட்காதீர்கள்" என்றார். நேர்மையான மனிதர்.

பேச்சி மாட்டேன் என்றாள். இரண்டு தடவை தேதி கொடுத்தும் போகவில்லை. மூன்றாவது தடவை அவளாகவே கடைக்கு வந்தாள். நான் ஒரு பழைய ஹார்ன் ஸ்பீக்கரைப் பிரித்து வைத்திருந்தேன். எதிரே உட்கார்ந்தாள்.

"அக்கா, நீ எம் பாட்டப் பெட்டியில புடிச்சு வச்சிரு. அப்புறம் அவுக அறுக்கட்டும்."

அதுதான் ஒப்பந்தம். எனக்கும் அவளுக்கும் நடுவில்.

ஸ்டோரில் பதிந்த விதம்

போடியில் சத்தமில்லாத இடம் என்று ஒன்று கிடையாது. பஸ் ஹாரன், லோடு இறக்குகிற சத்தம், ஏலக்காயை ஏலம் விடுகிற நாட்களில் மொத்த ஊரும் பேசுகிற சத்தம். வர்கீஸ் சேட்டன் என்ற மலையாளி வேலை பார்த்த எஸ்டேட்டின் ஸ்டோரைச் சொன்னது கருப்பையா அண்ணன்தான். காயைக் காய வைக்கிற கட்டடத்தை மலையில் ஸ்டோர் என்பார்கள். தடித்த சுவர். ஜன்னல் இல்லை. உள்ளே அடுக்கடுக்காகக் கம்பிவலைத் தட்டுகள். தரையை ஒட்டி ஓர் இரும்புக் குழாய் அறையைச் சுற்றி வரும். வெளியே அடுப்பில் விறகு போட்டால் சூடு அந்தக் குழாய் வழியாக உள்ளே போகும். காய் எடுப்பு இல்லாத மாதங்களில் அது காலி.

முழுக்கக் காலி என்று சொல்ல முடியாது. மேலே மழையும் மூட்டமும் வந்துவிட்டால் வீட்டில் எதை வைத்தாலும் பூஞ்சை பிடிக்கும். அதனால் எஸ்டேட்டில் இருக்கிறவர்கள் பூஞ்சை பிடிக்கக் கூடாததையெல்லாம் ஸ்டோரில் கொண்டுவந்து வைப்பார்கள். கம்பளி, கல்யாணப் புடவை, பள்ளிக்கூடச் சர்டிபிகேட். முதல் காய் வருவதற்கு முன் அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டும். வர்கீஸ் சேட்டனின் மகனுடைய ஹார்மோனியம் அங்கேதான் இருந்தது.

கோடை முடிகிற சமயம். சர்ச்சில் யாரும் தொடாமல் கிடந்த ஸ்பூல் ரிக்கார்டரை சகாயம் கேட்டு வாங்கி வந்தான். டார்ச் செல்லில் ஓடுவது. எங்களிடம் இருந்தது ஒரே மைக். தட்டுகளில் சாக்கைத் தொங்கவிட்டு எதிரொலியைக் குறைத்தேன். பேச்சியை மைக்குக்கு ஒரு முழம் தள்ளி நிறுத்தினேன். சகாயத்தை அவளுக்குப் பின்னால். உறுமியின் சத்தம் மற்ற எல்லாவற்றையும் விழுங்கியது. கருப்பையா அண்ணனைக் கதவுக்கு வெளியே போகச் சொன்னேன்.

"கோயிலுக்குள்ள விடலேன்னா கூட இம்புட்டு வருத்தம் வராது, இஞ்சினியரம்மா" என்று சொல்லிக்கொண்டே வெளியே போய் நின்றார்.

மூன்று பகல்களில் ஒன்பது பாட்டு. யானைப் பாட்டின் கடைசி அடியில் பேச்சிக்கு இருமல் வந்தது. மறுபடி எடுக்கலாம் என்றேன். அவள் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "இருக்கட்டும்க்கா. இருமுனதும் நாந்தான்" என்றாள்.

ஹெட்போனைப் போட்டுக்கொண்டு திரும்பக் கேட்டேன். கருப்பையா அண்ணனின் உறுமி தூரத்தில் வேறு மலையில் அடிப்பதுபோல் இருந்தது. அவள் குரல் காதுக்குள்ளேயே இருந்தது. படிப்பில் வாங்கிய எந்த மார்க்குக்கும் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

நான் எழுதிய பட்டியல்

மூன்றாம் நாள் மழை பிடித்தது. இறங்கப் புறப்பட்டபோது கீழே ஒரு வளைவில் மண் சரிந்து பாதை அடைபட்டுவிட்டதாகச் சொன்னார்கள். ஜீப்பை மேலேயே விட்டுவிட்டு, சரிவைக் காலால் தாண்டி, அந்தப் பக்கம் வேறு ஜீப்பு பிடிக்க வேண்டும். ரிக்கார்டரைப் பாலித்தீன் சுற்றி சகாயம் தோளில் தூக்கினான். நாடாக்களை அந்த மழையில் கொண்டுபோக எனக்கு மனம் ஒப்பவில்லை.

எனக்குப் பட்டியல் போடுகிற பழக்கம் உண்டு. ஸ்டோர் வாசலில் நின்று நோட்டில் எழுதினேன்: நாடாவைக் கெடுப்பவை. ஈரம். தூசி. எலி. காந்தம். கை படுதல்.

ஒவ்வொன்றுக்கும் விடை கண்டுபிடித்தேன். ஒரு பிஸ்கட் தகரப்பெட்டியை வர்கீஸ் சேட்டனிடம் வாங்கி, இரண்டு ஸ்பூலையும் துணியில் சுற்றி உள்ளே வைத்தேன். மூடியைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். தட்டுகளின் மரச்சட்டத்தில் ஈரம் ஏறும், இரும்பில் ஏறாது என்று யோசித்துப் பெட்டியைத் தரையை ஒட்டிப் போன அந்தக் குழாயின் மேல் வைத்தேன். குழாய் கையில் ஜில்லென்று இருந்தது. கடைசியாக, ஜீப்புக்கு நம்பர் எழுதுகிற பெயின்டை வாங்கி மூடியில் எழுதினேன்.

தொடக் கூடாது. திறக்கக் கூடாது. இடம் மாற்றக் கூடாது. — வசந்தா.

சூடு என்ற சொல் பட்டியலில் இல்லை. பாடப்புத்தகத்தில் அது முதலாவதாக இருந்தது. அந்த மழையில், நடுங்கிக்கொண்டு நிற்கிற ஒருத்திக்கு அது ஞாபகம் வரவில்லை. எங்கே நின்று எழுதுகிறேன் என்பதையும் மறந்துவிட்டேன்.

பாதை திறக்க மூன்று வாரம் ஆனது.

ஏலக்காய் வாசனை

அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்து பேச்சியும் அவள் அம்மாவும் மதுரைக்குப் போய்விட்டார்கள். பாதை திறந்த அன்று விடியக்காலையிலேயே கருப்பையா அண்ணன் வேறொரு ஜீப்பில் என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அறுவைக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. நாடாவை எடுத்துக்கொண்டு இறங்கி, அன்றே ரயில் ஏறுவதாகத் திட்டம்.

மழை விட்டு வெயில் அடித்தது. எஸ்டேட்டுக்குத் திரும்புகிற மண்பாதையில் வாசனை வந்தது. ஏலக்காய் சூட்டில் காயும்போது வருகிற வாசனை. போடியில் பிறந்தவர்களுக்கு அது விசேஷ வாசனை. அது வந்தால் ஊரில் வேலை இருக்கும், கடையில் ஆள் இருக்கும், கல்யாணம் பேசுவார்கள்.

கருப்பையா அண்ணன் மூச்சை இழுத்து, "மொத எடுப்பு வந்துருச்சு போலயே" என்றார் சிரித்துக்கொண்டு. பிறகு என் முகத்தைப் பார்த்தார். கியரை மாற்றினார்.

ஸ்டோரின் புகைபோக்கியில் புகை போய்க்கொண்டிருந்தது.

வர்கீஸ் சேட்டன் வாசலுக்கு வந்தார். "மோளே, ரெண்டு நாளா உன்னத்தான் நோக்கியிருந்தேன். வழி அடைச்சுப் போச்சே. பச்சக் காய் வந்துட்டது, வச்சிருந்தா வெளுத்துப் போகும். என்ன செய்ய? எல்லாரோட சாமானும் எடுத்து வெளிய வச்சேன். கம்பளி, சர்டிபிகேட், எல்லாம். உன் பெட்டி மட்டும் தொடல."

"ஏன் சேட்டா?"

அவருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. "நீயல்லே எழுதி வச்சது? தொடக் கூடாதுன்னு? எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க முடியும். மூணு தடவ வாசிச்சு நோக்கினேன். படிச்ச குட்டி, காரணம் இல்லாம எழுதுமோ?"

கதவைத் திறந்ததும் கண் எரிந்தது. பெட்டி நான் வைத்த இடத்திலேயே இருந்தது. அதைச் சாக்கால் பிடித்துத்தான் வெளியே கொண்டுவர முடிந்தது. மூடியில் என் எழுத்து பழுப்பேறி, ஆனால் வாசிக்கும்படி இருந்தது. உள்ளே ஸ்பூலின் பிளாஸ்டிக் வளைந்து நாடாவோடு சேர்ந்து ஒரே கட்டியாகியிருந்தது. நகத்தால் கிளறிப் பார்த்தேன். ஒரு சுற்றுக்கூடத் தனியாக வரவில்லை.

வர்கீஸ் சேட்டன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கர்த்தாவே" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அவரைத் தேற்றுகிற வேலையும் எனக்கு வந்தது. அவர்மேல் தப்பே இல்லை என்று மூன்று முறை சொன்னேன். அது உண்மைதான்.

ஏழெட்டு வளைவு இறங்கினோம். பிறகு கருப்பையா அண்ணன் பாதையைப் பார்த்தபடியே சொன்னார்: "சொல்லாத ஆத்தா. மொதல்ல அறுத்து முடிக்கட்டும். உசுரு பொழைக்கட்டும். நீ சொன்னேன்னா அது கட்டில விட்டு எறங்கி வந்துரும்."

ரயிலில்

போடியிலிருந்து மதுரைக்கு ரயில் மெதுவாகத்தான் போகும். எனக்கு நேரம் நிறைய இருந்தது. நோட்டைத் திறந்து இரண்டு வரி எழுதினேன்.

ஒன்று: சொல்வது. அவள் அறுவைக்கு மறுப்பாள். மூச்சு நின்றுபோகும்.

இரண்டு: சொல்லாமலிருப்பது. அவள் பிழைப்பாள். பிறகு என்னைத் திட்டுவாள்.

மறுபடி பதிவு செய்ய வழியில்லை. ரிக்கார்டர் செல் தீர்ந்து சர்ச்சில் கிடந்தது. வார்டில் அதற்கு அனுமதியும் கிடைக்காது. ஆக இரண்டே வழி. இரண்டாவதைக் கோடிட்டேன். தெளிவாக யோசித்துவிட்டதாக எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. இன்று நினைத்தால் கூசுவது அந்த நிம்மதிதான்.

அன்று சாயங்காலம் போய்ச் சேர்ந்தபோது மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருந்தார்கள். மறுநாள் காலை ஆறரை மணிக்குத்தான் அவள் கேட்டாள்.

"நாடா பத்திரமா இருக்காக்கா?"

"இருக்கு."

"ஒம்போதுமா?"

"ஒம்போதும்."

"அந்த யானப் பாட்டுல இருமுனேனே, அதுவும் விழுந்திருக்கா?"

"அதுவும் இருக்கு."

பேச்சி சிரித்தாள். சிரிக்கும்போது மூச்சு இழுத்தது. பின்னிக்கொண்டிருந்த நர்ஸ், "நீதான் பாட்டுக்காரியாமே? உங்கம்மா சொன்னாங்க. எங்களுக்கு ஒண்ணு பாடேன், எட்டு மணி வரைக்கும் என்ன செய்யப் போறே" என்றார். பக்கத்துக் கட்டில்காரர்கள் இரண்டு பேர் எழுந்து உட்கார்ந்தார்கள்.

"வேணாம் சிஸ்டர்" என்றாள் பேச்சி. "எல்லாம் பெட்டியில இருக்கு. கேசட்டு வரும், அதுல கேளுங்க. அதுல நல்லாருக்கும்."

நான் அங்கேதான் நின்றேன். கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் வெந்நீர். அதன் மூடியைத் திருகி மூடினேன்.

எட்டு மணிக்குத் தள்ளுகட்டில் வந்தது.

ஆறு மாதம்

அறுவை நன்றாக முடிந்தது. மூச்சு சரியானது. பேச்சி மல்லாந்து படுத்துத் தூங்குகிறாள் என்று அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

குரல் வரவில்லை. பேச்சு வந்தது. துணிக்குள்ளிருந்து பேசுவதுபோல், கீழ்க்குரலில், கரகரவென்று. மேலே ஏற்ற முயன்றால் காற்றுத்தான் வந்தது. ஆறு மாதம் பொறுத்துப் பாருங்கள், சிலருக்குத் திரும்பும் என்றார் டாக்டர்.

அந்த ஆறு மாதமும் அவள் நாடாவைக் கேட்டாள். தேனியில் காப்பி போடக் கொடுத்திருக்கிறேன் என்றேன். அங்கே மிஷின் ரிப்பேர் என்றேன். ஒரு பொய்யை நிறுத்த அடுத்த பொய். குரல் திரும்பிவிட்டால் எல்லாவற்றையும் மறுபடி பதிந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். சகாயத்திடம் நடந்ததைச் சொன்னேன். அவன் என்னைத் திட்டவில்லை. கிதாரை உறையில் போட்டு, "நீயே சொல்லு. நான் கூட வர மாட்டேன்" என்று மட்டும் சொன்னான். ஒத்துக்கொண்ட இரண்டு கச்சேரிகளை அவனே பாடி முடித்தான். கூட்டம் மரியாதையாகக் கேட்டது. சினிமாப் பாட்டு போடு என்றுகூட யாரும் கத்தவில்லை.

ஆறு மாதம் முடிந்தது. குரல் அப்படியே இருந்தது. பேச்சி மறுபடி காய் எடுக்கப் போகத் தொடங்கினாள்.

ஒரு காலையில் ஜீப்புகள் கிளம்புகிற இடத்துக்குப் போனேன். நல்ல பனி. பெண்கள் தலையில் துண்டு போர்த்தி, தூக்குச்சட்டிகளோடு நின்றார்கள். பேச்சியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். தகரப்பெட்டி, குழாய், மூடியில் நான் எழுதியது, எதையும் விடாமல் வரிசையாகச் சொன்னேன்.

அவள் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"ஆபரேஷனுக்கு முந்தின நாள்."

"அப்ப, நான் கேட்டன்னைக்குத் தெரியும்."

"தெரியும். சொல்லியிருந்தா நீ உள்ள போயிருக்க மாட்ட, பேச்சி. அதனாலதான்."

"போயிருப்பேன்" என்றாள். "மூச்சு முட்டுதுல்ல. போகாம என்ன செய்ய?"

இது ரயிலில் நான் எழுதிய இரண்டு வரியிலும் இல்லாதது.

"எட்டு மணிக்குத்தானக்கா கூட்டிட்டுப் போனாக" என்று அவள் தொடர்ந்தாள். அந்தக் கீழ்க்குரலைக் கேட்க நான் கிட்டே குனிய வேண்டியிருந்தது. "ஒன்னர மணி நேரம் இருந்துச்சு. எங்காத்தா இருந்துச்சு. நீ இருந்த. அந்த சிஸ்டரு கேட்டுச்சு. பெட்டி இல்லேன்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் பாடியிருப்பேன்ல. இதான் கடேசின்னு தெரிஞ்சு பாடியிருப்பேன்ல. நீ இருக்குன்னு சொன்ன. நான் வாய மூடிக்கிட்டு சும்மா உக்காந்திருந்தேன்."

நான் பேச வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சோலிக்கு நேரமாச்சு, வர்றேன்."

கருப்பையா அண்ணன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடி, எங்கள் பக்கம் திரும்பாமல், "எல்லாரும் ஏறியாச்சா? வெரசா ஏறுங்கத்தா" என்றார். பேச்சி பின்பக்கம் கடைசியாக ஏறினாள். கடைசியாக ஏறுகிறவள்தான் 'போலாம்ணே' என்று குரல் கொடுக்க வேண்டும். எஞ்சின் சத்தத்தைத் தாண்டி அது முன்னால் கேட்க வேண்டும்.

அவள் கையை வெளியே நீட்டி, ஜீப்பின் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு முறை ஓங்கி அறைந்தாள். ஜீப்பு கிளம்பியது.